வாத்துப்பூவில் இட்ட முட்டைகள்

சுமித்ரா பேசி முடித்து வெகுநேரம் ஆன பிறகும் தேன்மொழி போனைக் காதோடு பிடித்தபடியே நின்றாள். பிறகு வாசல் பந்தலுக்குப் போய், அதில் ஏறியிருந்த வாத்துப்பூக் கொடியின் இலை ஒன்றை மெல்லப் புரட்டினாள். பட்டாம்பூச்சி முட்டை இருந்தது. பாதி மிளகு அளவு, ஆரஞ்சு நிறம். ஆறு நாளாகக் காலையில் கண் விழித்தவுடன் வந்து பார்த்துப் பூரித்துப்போன முட்டை. இன்று அதன் உச்சியில் லேசாகக் கருமை படர்ந்திருந்தது. உள்ளே புழு உருவாகிவிட்டால் முட்டை கறுக்கும். கறுத்தால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், பொரிந்துவிடும்.

வெளியே வரும் புழு முதலில் தன் முட்டையோட்டைத் தின்னும். அடுத்தது, தான் நிற்கிற இலையைத் தின்னும். அந்த இலையைத் தின்றால் செத்துப்போகும். சுமித்ரா போனில் சொன்னது அதைத்தான்.

சுமித்ரா நாமக்கல்லில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கிற பெண். இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை முதல் பஸ்ஸில் மலை மேலிருக்கிற வாழவந்தி நாட்டுக்கு ஏறி வந்து பட்டாம்பூச்சி கணக்கெடுத்துவிட்டுப் போகிறாள். தேன்மொழி ஆசையாக அனுப்பிய முட்டைப் படத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தாள். "முட்டை பொன்னழகியோடதுதாங்க அக்கா. ஆனா அந்தக் கொடி நம்ம நாட்டுது இல்லீங்க. எங்கியோ கடல் தாண்டி வந்தது. பட்டாம்பூச்சிக்கு அது தெரியாது, போட்டுரும். பொரியறதுக்குள்ள எப்படியாச்சும் நாட்டு ஈஸ்வரமூலிக்கு மாத்திருங்க" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேன்மொழிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஏனென்றால் அந்தக் கொடியை மலைக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். ஊரில் முப்பத்தெட்டு வீட்டு வாசலில் அது ஏறியிருந்தது. முப்பத்தெட்டும் அவள் கையால் வெட்டிக் கொடுத்த துண்டு.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓடைக்கரை வேலைக்காகத்தான் தேன்மொழி ஊர்ப் பெண்களைச் சேர்த்து ஒரு குழு தொடங்கினாள். ஓடையின் இரண்டு கரையிலும் உண்ணிச்செடி புதராக மண்டி, ஆடு நுழைய இடமில்லாமல் கிடந்தது. வெட்டினால் அது சாகாது, வெட்டிய இடத்தில் நான்காகத் துளிர்க்கும். தண்டும் வேரும் சேருகிற கழுத்துக்கு இரண்டு விரற்கடை கீழே தோண்டி வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். வேர் வானத்தைப் பார்த்தால்தான் அது தீரும். அப்படிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கரையை மீட்டார்கள். நீர்மருது நட்டார்கள், நாவல் நட்டார்கள். போன வருடம், ஓடையில் செய்ததை வாசலிலும் செய்வோம் என்று தேன்மொழி கிளம்பினாள். பூ இருந்தால் பட்டாம்பூச்சி விருந்துக்கு வரும். அதன் புழு தின்கிற இலை இருந்தால்தான் தங்கிக் குடித்தனம் பண்ணும். ஒவ்வொரு பட்டாம்பூச்சிக்கும் ஒரு செடிக் குடும்பம் உண்டு. எலுமிச்சைக் குடும்பம் ஒன்றுக்கு, எருக்கங் குடும்பம் இன்னொன்றுக்கு. மலையிலேயே பெரிய பட்டாம்பூச்சியான, கறுப்பு மேலிறக்கையும் பொன் மஞ்சள் கீழிறக்கையுமாக ஒரு சாண் அகலத்துக்கு மிதந்து வருகிற பொன்னழகிக்கு, ஈஸ்வரமூலிக் குடும்பம்.

அடிவாரத்தில் செடி விற்கிறவரிடம் ஈஸ்வரமூலி கேட்டாள். அது இல்லை, அதே குடும்பத்தில் இது இருக்கிறது, பூவும் அழகாக வரும் என்று அவர் எடுத்துக் காட்டினார். மொட்டு வாத்து போலக் கழுத்தை வளைத்து நின்றது. விரிந்த பூ கருஞ்சிவப்பில் வெள்ளை நரம்போடிக் கிடந்தது. அதே குடும்பம் என்ற வார்த்தையில் அவள் விழுந்துவிட்டாள். மலையில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? பங்காளி வீட்டில் கேட்காமல் உட்கார்ந்து சாப்பிடலாம். மலையின் எந்த நாட்டில் இருக்கிற பங்காளியானாலும் சரி, அவன் வீட்டுச் சோறு நம் வீட்டுச் சோறு. செடிக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். பட்டாம்பூச்சியும் அப்படித்தான் நினைத்திருக்கிறது. தாய்ப் பூச்சி இலை மேல் உட்கார்ந்து முன்னங்காலால் தட்டித் தட்டிப் பார்க்கும். அதற்கு நாக்கு காலில் இருக்கிறது. குடும்பத்துச் சுவை வந்தவுடன் நம்பி முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். அந்தச் சுவைக்குப் பின்னால் வேறு விஷம் இருப்பதை அதன் கால் அறியாது. இந்த மலையில் அது அறிய வேண்டிய தேவையே தேன்மொழி கொண்டுவரும் வரை வந்ததில்லை.

பேசாமல் வீடு வீடாகப் போய் முட்டைகளை மட்டும் எடுத்துவிட்டால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. யாருக்கும் தெரிய வேண்டாம். ஓடை வேலைக்கு அவர்கள் வருவதே அவள் பேச்சை நம்பித்தான். நேற்று நடு என்றாள், இன்று பிடுங்கு என்கிறாள் என்று ஆகிவிட்டால் நாளை எவள் கடப்பாரை எடுத்துக்கொண்டு வருவாள்? குழுவின் வாட்ஸப்பில் மூன்று முறை பேசிப் பதிந்து, மூன்று முறையும் அழித்தாள். கடைசியில் எதுவும் அனுப்பாமல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இருசாயி வீட்டுக்கு நடந்தாள்.

இருசாயி ஐம்பதைத் தொட்டவள். சாமைக் காட்டில் களையெடுப்பதில் நாட்டிலேயே அவளுக்கு நிகர் கிடையாது. சாமைப் பயிருக்கும் அதனூடே முளைக்கிற புல்லுக்கும் சின்னதில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இருசாயி கண்ணால் பார்ப்பதில்லை, தண்டை விரலால் உருட்டிப் பார்த்துப் பிடுங்குவாள். அவள் போன வரிசையில் ஒரு புல் மிஞ்சாது.

தேன்மொழி விஷயத்தைச் சொன்னாள். இருசாயி அவளைத் தன் வாசல் கொடிக்குக் கூட்டிப்போய் ஒரு இலையைப் புரட்டினாள். "இது அப்ப அதுதானா கண்ணு? எறும்பு கடிச்சிருக்கும்னு இருந்தேன்."

இலை ஓரத்தில் கடுகளவு கடித்த தடம். அதற்குப் பக்கத்தில் இரண்டு புழுக்கள், அரிசி நொய் அளவு, கறுத்துச் சுருண்டு ஒட்டிக் கிடந்தன. தேன்மொழி ஊதினாள். ஒன்று உதிர்ந்தது. ஒரு வாய்தான் தின்றிருக்கிறது. அவள் வைத்த சோறு.

"மத்ததெல்லாம் நாளைக்குள்ள பொரிஞ்சிரும்க்கா. நாட்டு ஈஸ்வரமூலி ஓடைக்கரையில இருந்துச்சுல்ல? அங்க மாத்திரலாம்."

இருசாயி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஓடைக்கரை வந்ததும்தான் அவள் எதைக் காட்டக் கூட்டிவந்தாள் என்று தேன்மொழிக்குப் புரிந்தது. நட்ட நாற்றுகள் நின்றன. அவற்றுக்கிடையே தரை, சாணி போட்டு மெழுகிய வாசல் போலச் சுத்தமாக இருந்தது. உண்ணிச்செடியை எடுக்கச் சொன்னால் களையெடுக்கிற கைகள் உண்ணிச்செடியை மட்டுமா எடுக்கும்? அதன் நிழலில் கிடந்த கொடி, பூண்டு, கிழங்கு எல்லாம் வேரோடு போயிருந்தன. அந்தச் சுத்தத்தைப் பார்த்துத் தேன்மொழியே கைதட்டியிருக்கிறாள், படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள்.

"இந்தா இந்தப் பாறைக்கிட்ட மூணு கொடி இருந்துச்சு" என்றாள் இருசாயி. "மருந்துக் கொடின்னு தெரியும். தெரிஞ்சும் கை நிக்கல. வரிசைக்குள்ள ஒண்ணை விட்டுட்டு வந்தா பின்னால வாரவ சிரிப்பாளேன்னு பிடுங்கிட்டேன்."

இருவரும் பாறையைச் சுற்றி மண்ணைக் கிளறினார்கள். ஒரு வேர் கிடைத்தது, காய்ந்து குச்சியாகி. மேலே மேகம் கூடிக்கொண்டிருந்தது. ஆவணி மழை மத்தியானத்துக்கு மேல் சொல்லாமல் வரும். தேன்மொழிக்கு அந்த முட்டைகளின் கருமை கண்ணுக்குள்ளேயே நின்றது. இந்த நேரம் எத்தனை கறுத்திருக்கும், எது ஓட்டைக் கடிக்கத் தொடங்கியிருக்கும் என்று மனம் ஒவ்வொரு வாசலாகப் போய்ப் போய் வந்தது.

களையே எடுக்காத காடு எது என்று தேட வேண்டும் என்றாள் அவள். இருசாயி சட்டென்று நிமிர்ந்தாள். அப்படிப்பட்ட காடு ஊரில் ஒன்றே ஒன்றுதான். வெள்ளையனுடைய மிளகுத் தோட்டம்.

வெள்ளையன் தேன்மொழிக்கு மாமன் முறை. அவர் தோட்டத்துக்குள் நுழைந்தால் பாம்பும் வழி கேட்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். மிளகு ஏற்றிய பழைய மரங்களைச் சுற்றி என்ன முளைத்தாலும் அது பாட்டுக்கு இருக்கும். இன்றைக்கென்று அவர் தோட்டத்தில் சுறுசுறுப்பாக இருந்தார். பிளாஸ்டிக் தொட்டியில் நீலமாக மயில்துத்தக் கரைசல். பக்கத்து வாளியில் சுண்ணாம்புப் பால். இரண்டையும் கலந்தால் மிளகுக்கு அடிக்கிற மருந்து. விசைத்தெளிப்பான் தயாராக மரத்தில் சாய்ந்திருந்தது.

அவருக்குப் பின்னால் நான்கு மரங்களில், மிளகுக் கொடியோடு பின்னிப் பிணைந்து, நீண்ட குறுகிய இலைகளுடன் ஈஸ்வரமூலி தலைக்கு மேல் ஏறியிருந்தது. தேன்மொழி ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தாள். அந்த நெடிதான். கண்ணில் நீர் முட்டியது. அடுத்த நொடியே தெளிப்பான் நினைவுக்கு வந்து அடங்கியது. அந்த மருந்து இலை மேல் நீலப் படலமாகக் காய்ந்து நிற்கும். பூசணத்தைக் கொல்கிற, மயில்துத்தத்தில் இருக்கிற அந்தச் செம்பு, நொய்யளவு புழுவை விட்டுவைக்குமா?

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தான் கொடுத்த கொடி, செத்த புழு, ஓடைக்கரை, எதையும் மறைக்கவில்லை. மறைத்துச் சொல்ல நேரமும் இல்லை.

வெள்ளையன் சுண்ணாம்பு வாளியைக் கிண்டிக்கொண்டே கேட்டார். "ஏன் அம்மிணி, பூச்சி வேண்டாம்னு எல்லாரும் மருந்தடிப்பாங்க. நீ மருந்தடிக்கறவங்கிட்ட வந்து பூச்சி வளக்க எடம் கேக்கற."

"அது மிளகைத் தொடாதுங்க மாமா. பக்கத்துலயே கெடந்தாலும் தின்னாது. இந்த ஒரு கொடிதான் அதுக்குச் சோறு."

"பூச்சி தின்னுதோ இல்லியோ, வாட்டம் தின்னுருச்சே. அங்க பாரு."

ஈஸ்வரமூலி ஏறிய மரங்களுக்கு அடுத்த மரத்தில் இரண்டு மிளகுக் கொடிகள் மஞ்சளித்துத் தொங்கின. வாடல் நோய். ஒன்றில் வந்தால் மழைக்குள் வரிசையே போய்விடும். மருந்தடிக்காமல் விடு என்று இவரிடம் கேட்பதும், உன் மிளகைச் சாகவிடு என்பதும் ஒன்றுதான். தேன்மொழிக்கும் மிளகு உண்டு, அந்தப் பயம் தெரியும். இருசாயி பேச வாயெடுத்தாள், தேன்மொழி அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு மஞ்சளித்த கொடியின் அடியில் குந்தினாள்.

இந்த நோய் வானத்திலிருந்து வருவதில்லை. மண்ணில் இருக்கிறது. மழைத்துளி விழும்போது மண் தெறித்துக் கீழ் இலையில் ஒட்டும், அங்கிருந்து படிப்படியாக மேலே ஏறும். அப்படியானால் முக்கியமான காவல் வேரிலும் முழங்கால் உயரத்திலும்தான். அந்த நான்கு மரத்துக்கும் வேரில் மருந்தை ஊற்றுவோம், முழங்கால் வரை அடிப்போம், மண் தெறிக்காமல் அடியில் காய்ந்த சருகு பரப்புவோம், மேலே விட்டுவிடுவோம் என்றாள். மற்ற மரங்களுக்கு அடிக்கும்போது காற்றில் மருந்து பறக்காமல் நான்கு மரத்தையும் சாக்குப் போட்டு மூடிக்கொள்ளலாம்.

"அதையும் மீறி என்ற மிளகு போச்சுன்னா?"

"போச்சுன்னா என்ற தோட்டத்துக் கொடியில துண்டு வெட்டி, வேர் பிடிக்க வெச்சு, நானே வந்து நட்டுத் தாரேனுங்க."

"நீ குடுக்கற கொடியா?" என்றார் வெள்ளையன்.

இருசாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேன்மொழிக்கு முகம் சுண்டியது, ஆனால் அதைக் கேட்க வேண்டியதுதான் என்றும் இருந்தது. அவர் கிண்டிக்கொண்டிருந்த கோலைக் கீழே வைத்தார். மழைக்கு முன்னால் அடித்தாக வேண்டும், ஆணியடித்த மாதிரி நிற்பதை விட்டுவிட்டுச் சாக்கை எடுத்துக் கட்டுங்கள் என்றார்.

சாக்குக் கட்டிக்கொண்டே தேன்மொழி நான்காவது முறையாக வாட்ஸப்பில் பேசினாள். இந்த முறை அழிக்கவில்லை. தான் கொண்டுவந்தது தப்பான கொடி, எல்லோரும் இலைகளைப் புரட்டிப் பாருங்கள், முட்டை இருந்தால் இலையோடு வெட்டி ஈரத்துணியில் வைத்துக் கொண்டுவாருங்கள் என்றாள். பதில் ஒன்றும் வரவில்லை. இரண்டு நீலக் குறிகள் மட்டும் வந்தன. அரை மணி கழித்து குழுவில் முதல் ஆளாகச் சென்னம்மாள் ஒரு டிபன் பாக்ஸோடு மேட்டில் தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் ராமாயி. அதற்குப் பின்னால் சிலர். சிலர் வரவேயில்லை.

ஒன்பது வீட்டிலிருந்து இருபத்துமூன்று முட்டைகள் சேர்ந்தன. முட்டை இலையோடு பசை போட்டது போல ஒட்டியிருக்கும், பெயர்த்தால் உடையும். அதனால் இலையைத்தான் வெட்ட வேண்டும். அதையும் பெரிதாக விட்டால், பொரிந்த புழு அந்த விளிம்பையே முதலில் கடித்துவிடும். இருசாயி கத்தரிக்கோலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நகத்தால் சுற்றிலும் கிள்ளினாள். ஒவ்வொரு முட்டையும் நெற்றிப் பொட்டு அகலத்துக்கு மேல் இலையில்லாமல் வெளியே வந்தது. வெள்ளையன் வீட்டில் மரவள்ளி மாவில் காய்ச்சிய பசையைத் துளித் துளியாகத் தொட்டு, அந்தப் பொட்டுகளை நாட்டுக் கொடியின் இலைக்கு அடியில் ஒட்டினார்கள். இலைக்கு அடியில் என்றால் மழை நேராக விழாது. இளந்தளிர்ப் பக்கத்தில் என்றால் பொடிப்புழுவின் வாய்க்கு மெத்தென்று இருக்கும். பசை முட்டையில் பட்டால் உள்ளே மூச்சு அடைக்கும். கழுத்து வலிக்க அண்ணாந்து ஒட்டினார்கள்.

பதினெட்டாவதை ஒட்டும்போது அது தேன்மொழியின் விரல் நுனியிலேயே பொரிந்தது. ஓட்டில் ஒரு துளை, அதிலிருந்து கறுத்த தலை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். புழு வெளியே வந்து, திரும்பி நின்று, ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. பிறகு நகரத் தொடங்கியது. பொட்டளவு விஷ இலையின் விளிம்புக்குப் போய், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, வாயை வைத்தது. "அங்க இல்ல சாமி" என்று முணுமுணுத்தாள் சென்னம்மாள். தேன்மொழி ஒரு புல் நுனியால் அதன் முன்னால் தொட்டாள். அது நின்றது. ஏறியது. புல்லோடு தூக்கி நாட்டுக் கொடித் தளிரில் விட்டாள். வெகுநேரம் அது அசையவே இல்லை. கடித்துவிட்டதா, கடிக்கவில்லையா? தெரிந்துகொள்ள வழியில்லை, நாளை உயிரோடிருந்தால்தான் தெரியும்.

மழை மாலையில் கொட்டியது. மறுநாள் விடிந்ததும் அவள் போனபோது வெள்ளையன் அவளுக்கு முன்னால் அங்கே அண்ணாந்து நின்றிருந்தார். மூன்று பொட்டுகள் மழையில் போய்விட்டன. ஒரு முட்டையை எறும்பு தூக்கியிருந்தது. ஏழு பொரிந்து தளிரின் ஓரத்தில் வளைவு வளைவாகத் தின்றிருந்தன. மீதி இன்னும் கறுத்துக்கொண்டிருந்தன. விரலில் பொரிந்தது அந்த ஏழில் ஒன்றா என்று கேட்டார் அவர். தெரியாது என்றாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

இனி பந்தலில் கொடி நிற்கக் கூடாது. அன்று காலையே தன் வாசல் கொடியை வேரோடு தோண்டி எடுத்தாள். உண்ணிச்செடியை எப்படிக் கவிழ்ப்பார்களோ அப்படியே வேர் மேலே பார்க்கக் குவித்தாள். மற்ற வீடுகளிலும் அதையே செய்யச் சொல்லி அனுப்பினாள். இருசாயி பிடுங்கிவிட்டதாகப் பதில் வந்தது. ராமாயியும். பூ விட்டுக்கொண்டிருக்கிறது, ஒரு மாதம் போகட்டும் என்று இரண்டு வீட்டில் சொன்னார்கள். அவர்களிடம் நேரில் போக வேண்டும். கடப்பாரையைக் கழுவி நிமிர்ந்தபோது பொன்னழகி வந்தது.

கொட்டகைக்கு மேலிருந்து, இறக்கையை அதிகம் அடிக்காமல், மிதந்து இறங்கியது. வெறும் பந்தலைச் சுற்றியது. மூங்கில் காலைத் தொட்டது. கதவு நிலையைத் தொட்டது. தேடுகிறது என்று தேன்மொழிக்குத் தெரிந்தது. போ, வெள்ளையன் மாமன் தோட்டத்துக்குப் போ என்று மனசுக்குள் அதைத் தள்ளினாள். அது போகவில்லை. தாழ்ந்து, இன்னும் தாழ்ந்து, அவள் குவித்து வைத்த குவியலின் மேல் வந்து நின்று, ஒரு இலையை முன்னங்காலால் தட்டத் தொடங்கியது.

வேரைப் பிடுங்கினால் செடி செத்தது என்பது உண்ணிச்செடிக்குச் சரி. ஆனால் இலை வாட மூன்று நாள் ஆகும். அதுவரை அதில் குடும்பத்து வாசம் இருக்கும்.

அவள் பாய்ந்து போய் நெல் காயப்போடும் தார்ப்பாயை இழுத்துக் குவியல் மேல் போட்டாள். பட்டாம்பூச்சி துள்ளி எழுந்தது. தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் காலால் உள்ளே தள்ளி, மேலே உட்கார்ந்துகொண்டாள். அது அவள் தலைக்கு மேல் ஒருமுறை வட்டமடித்து, வேலியைத் தாண்டி, ஊருக்குள் போனது. அங்கே கொடியைப் பிடுங்கிய ஒவ்வொரு வாசலிலும் அவள் சொல்லிக் கொடுத்தபடியே, வேர் வானம் பார்க்க, பச்சைக் குவியல்கள் கிடந்தன.

உட்கார்ந்த இடத்திலிருந்தே இருசாயிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அக்கா" என்றாள், எடுத்தவுடன். "பிடுங்குனதைப் புதைக்கோணும். முழங்கை ஆழம். இப்பவே. அது உங்க பக்கந்தான் வருது."